வாங்கிக்கொள்ள ஆளில்லாத சாவி

டீச்சர், அந்தப் பேனாவைக் கொஞ்சம் கொடுங்கள். இல்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு விலாசம் எழுதிக் கொடுத்தால் போதும். டீச்சர்தானே? கேட்காமலே கண்டுபிடித்துவிட்டேன். அந்த ஃபாரத்தில் ஒரு கட்டத்தைக்கூட விடாமல் நிரப்புகிறீர்கள். மற்றவர்கள் இரண்டு கட்டம் நிரப்பிவிட்டு, மீதியைக் கவுண்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்து வைத்துவிடுவார்கள். அதனால்தான் பாதி வழக்கு தோற்கிறது.

தபால் கவுண்டர் இரண்டு மணிக்குத்தான் திறக்கும். சாப்பாட்டு நேரம். அது அங்கே உட்காரும் அம்மாவின் உரிமை, நான் குறை சொல்ல மாட்டேன். சாப்பாட்டு நேரத்தில் டிரைவரை வண்டி எடுக்கச் சொன்னதற்காக முதலாளியின் கார் முன்னால் படுத்தவன் நான். ராஜாம்பாள் மோட்டார் சர்வீஸ், கேள்விப்பட்டிருப்பீர்கள். பச்சை பஸ். அதில் இருபத்தாறு வருஷம் டிரைவர், பத்தொன்பது வருஷம் சங்கச் செயலாளர்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். எட்டாவதுக்கு மேல் போகவில்லை, உண்மைதான். என்னைப் படிக்க வைத்தது துண்டறிக்கை. அச்சாபீஸில் உட்கார்ந்து பிழை திருத்தித் திருத்தி எழுத்து கற்றேன். தொழில் தகராறுச் சட்டத்தை ஆங்கிலத்திலேயே ஒப்பிப்பேன். ஆனால் இது ஜெர்மனி விலாசம். ஒரு தெருவின் பெயர் மட்டும் இருபத்திரண்டு எழுத்து. என் கை இப்போது நடுங்குகிறது. ஒரு எழுத்து மாறினாலும் வேறு எங்கேயாவது போய்ச் சேரும்.

உள்ளே என்ன இருக்கிறது என்றா? சொல்லத்தான் வேண்டும். ஃபாரத்திலும் எழுத வேண்டுமாம். பொருள் என்ன, அனுப்புவது யார், கையெழுத்து. காலையிலேயே வந்து கேட்டுவிட்டேன். பேர் போடாமல் அனுப்ப முடியாதாம். நியாயமான விதி. பேர் போடாத துண்டறிக்கை ஒன்றைக்கூட நான் ஆயுளில் வெளியிட்டதில்லை. மொட்டைக் கடுதாசி கோழை எழுதுவது. என் நோட்டீஸ் ஒவ்வொன்றிலும் கடைசி வரி, ‘வெளியிடுவோர்: கோ. அபிமன்னன்’. போலீஸ் வீடு தேடி வரும் என்று தெரிந்தே போடுவேன்.

இதோ, இதுதான் பொருள். ஒரு சாவி. இந்தக் கைக்குட்டையில் ஆறு வாரமாக இருக்கிறது. கார் சாவிதான். மஞ்சள் அட்டையில் வண்டி நம்பர் எழுதியிருக்கிறது பாருங்கள். என் கார் இல்லை. வாடகைக் கார். எனக்கு ஏது கார்?

என் மகன் ஜெர்மனியில் இருக்கிறான். மேதின்ராஜ். மே முதல் தேதி பிறந்திருக்க வேண்டியவன், மூன்று நாள் முன்னதாகப் பிறந்துவிட்டான். அதற்காகப் பேரை மாற்ற முடியுமா? அங்கே அவனை ராஜ் என்கிறார்கள். மேதினத்தை வெட்டி எறிந்துவிட்டார்கள். வயது முப்பத்தொன்பது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. நாங்கள் அவ்வளவு பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. மாதத்துக்கு ஒரு போன். “மாத்திரை போட்டீங்களா?” “போட்டேன்.” “சரி, வெச்சிடறேன்.”

அப்படிப்பட்டவன் திடீரென்று டிக்கெட் அனுப்பினான். வாங்கப்பா, பத்து நாள் இருந்துவிட்டுப் போங்கள் என்றான். போனேன். அங்கே லீவு போட்டு, வாடகைக் கார் ஒன்று எடுத்து, நான்கு நாள் என்னைச் சுற்றிக் காட்டினான். எங்கே கூட்டிப் போனான் தெரியுமா? மார்க்ஸ் பிறந்த வீட்டுக்கு! “நீங்க அம்மாகிட்ட சொல்லிட்டே இருப்பீங்களேப்பா, ஒரு நாள் அந்த வீட்டைப் பாக்கணும்னு” என்றான். அவன் அம்மா போய் இருபத்தொன்பது வருஷம் ஆகிறது. பத்து வயதில் காதில் விழுந்ததை வைத்திருந்திருக்கிறான்.

அந்த வீட்டுக்குள் போக நுழைவுச் சீட்டு வாங்க வேண்டுமாம். மார்க்ஸ் வீட்டுக்கு டிக்கெட்டா! நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். “என்னப்பா, மறியலா?” என்று கேட்டுச் சிரித்தான். நான் மறியலில் நிற்க, அவன் சிரித்ததைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வண்டியில் வரும்போது ஒன்றே ஒன்று கேட்டான். “அப்பா, என்னை மாமா வீட்ல கொண்டுபோய் விட்டீங்களே, ஞாபகம் இருக்கா? கேட் கிட்ட இறக்கிவிட்டுட்டு, மாமா வந்து கதவைத் திறக்கிறதுக்குள்ள போயிட்டீங்க. வீட்ல ஆள் இல்ல. சாயந்திரம் வரைக்கும் படியில உக்காந்திருந்தேன்.” ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான், கோபமே இல்லாமல்.

நான் உண்மையைச் சொன்னேன். ஆறு மணிக்குத் திண்டிவனத்தில் பொதுக்கூட்டம், நான்தான் முதல் பேச்சு, பஸ் போய்விடும் என்றேன். தலையாட்டினான். அவன் அம்மா போன புதிது. மூன்று மாதத்தில் வந்து கூட்டிப்போகிறேன் என்றுதான் விட்டேன். பதினொரு வருஷம் ஆகிவிட்டது. போராட்டம் நம் வசதிக்கு முடியுமா டீச்சர்?

சரி, சாவிக்கு வருகிறேன்.

சனிக்கிழமை வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விமானம். வழியில் நெரிசல், போய்ச் சேர மூன்று மணி ஆகிவிட்டது. நல்ல வெயில், பட்டப்பகல். கம்பெனி மூடிக் கிடக்கிறது. அங்கே சனிக்கிழமை பன்னிரண்டோடு சரியாம், இனி திங்கட்கிழமைதானாம். தொழிலாளிக்கு லீவு, அதை நான் வரவேற்கிறேன். ஆனால் வண்டியை யாரிடம் ஒப்படைப்பது? “ஆள் வேணாம்ப்பா. வண்டியை அந்தக் கோட்டுக்குள்ள நிறுத்திட்டு, சாவியைப் பெட்டியில போட்டுட்டுப் போயிடலாம். எல்லாரும் அப்படித்தான்” என்றான்.

சுவரில் ஒரு இரும்புப் பெட்டி. வாயில் ஒரு மூடி. கோயில் உண்டியல் மாதிரியே இருந்தது.

அவன் வண்டியைப் பூட்டினான். சாவியை என் உள்ளங்கையில் வைத்தான். “நீங்க போடுங்கப்பா. டிரைவர் நீங்கதானே? முறைப்படி ஒப்படைச்சிட்டு வாங்க” என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அதில் ஒரு மரியாதை இருந்தது. நாற்பது வருஷத்தில் என் தொழிலை அவன் மதித்துச் சொன்னது அன்றைக்குத்தான். பையைத் தூக்கிக்கொண்டு எதிரே டிராம் நிறுத்தத்துக்குப் போய்விட்டான்.

நான் மூடியைத் தள்ளினேன். உள்ளே இருட்டு. கையை விட்டேன். விரல் திறக்கவில்லை டீச்சர்.

உங்களுக்குச் சிரிப்பு வரும். ஒரு வண்டியை ஒப்படைப்பது என்றால் என்ன என்று பஸ்காரனைக் கேளுங்கள். ஷெட்டில் டைம் கீப்பர் இருப்பார், ரிஜிஸ்டர் இருக்கும். வண்டி நம்பர், நேரம், சாவி கொடுத்தவர், வாங்கியவர். வாங்கியவர் கையெழுத்துப் போடாமல் டிரைவர் அங்கிருந்து நகரக் கூடாது. மூத்திரம் முட்டினாலும் நகரக் கூடாது. நான் சங்கத்தில் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவனுக்கும் முதலில் சொல்வது அதைத்தான். சவரிமுத்துக்கு நடந்ததற்குப் பிறகு.

சவரிமுத்து எங்கள் ஷெட் டிரைவர். எண்பத்து நான்காம் வருஷம் ஆடி மாதம் எங்கள் வேலைநிறுத்தம். மாலை ஆறு மணிக்கு எல்லாரும் வண்டியை விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட வேண்டும். அவன் கடைசி டிரிப் முடித்து உள்ளே வந்தான். டைம் கீப்பர் நாற்காலியில் இல்லை. ரிஜிஸ்டரும் இல்லை. இருநூறு பேர் வாசலில் கோஷம் போட்டுக்கொண்டு நிற்கிறோம். சவரி மட்டும் சாவியை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டு நிற்கிறான். “டேய் சவரி, ஆணியில மாட்டிட்டு வாடா! உனக்காகத்தான் எல்லாரும் நிக்கிறோம்!” என்று சத்தம் போட்டார்கள். மாட்டிவிட்டு ஓடி வந்தான்.

மறுநாள் அந்த பஸ் ஏரிக்கரையில் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. யார் எடுத்துப் போனது என்று இன்றுவரை தெரியாது, முதலாளி வேலைதான் என்பது என் கட்சி. சவரிமுத்து சாவியை ஒப்படைக்கவே இல்லை, அவனே கொண்டுபோய் உடைத்தான் என்றது கம்பெனி. வேலை போனது. ஆறு வருஷம் வழக்கு நடத்தினேன். “வாங்கியவர் கையெழுத்து எங்கே?” என்று ஒரே கேள்விதான் கேட்டார் நீதிபதி. தோற்றோம்.

யார் சத்தம் போட்டது என்றா கேட்கிறீர்கள்? வாசலில் எல்லாரும்தான். சரி, நான். செயலாளர் நான்தானே, நான்தான் கூப்பிட வேண்டும். கோர்ட்டில் அதைச் சொன்னேனா என்றால், வக்கீல் சொல்லக் கூடாது என்றார். தலைவன் சொல்லித்தான் செய்தான் என்று ஆகிவிட்டால் சங்கத்தின் பதிவே ரத்தாகும் என்றார். சங்கம் பெரிதா, ஒரு ஆள் பெரிதா? நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், சொல்ல வேண்டாம்.

அப்புறம் அவன் சைக்கிளில் ஐஸ் விற்றான். தெருவெல்லாம் மணி அடித்துக்கொண்டு வருவான். என் வீட்டைக் கடக்கும்போது மட்டும் அடிக்க மாட்டான். செத்தபோது போனேன், சங்கக் கொடி போர்த்தினேன். அவன் மனைவி அதை எடுத்து, நான்காக மடித்து, என் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

அதனால்தான் விரல் திறக்கவில்லை. திங்கட்கிழமை எவனோ பெட்டியைத் திறந்து சாவி இல்லை என்று சொன்னால், என் மகனிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது? கதவைத் தட்டினேன். ஷட்டரைக் குலுக்கினேன். கம்பெனியா நடத்துகிறான்? பெட்டியை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்!

டிராம் வந்துவிட்டது. எதிர்ப் பக்கத்திலிருந்து மேதின் கத்துகிறான். “அப்பா, போட்டாச்சா? சீக்கிரம் வாங்க, எல்லாரும் நிக்கிறாங்க!”

“போட்டாச்சு” என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. என் திட்டம் வேறு. அதே கம்பெனிக்கு விமான நிலையத்தில் கவுண்டர் இருக்கிறது, வந்து இறங்கிய அன்றே பார்த்துவைத்திருந்தேன். அங்கே ஞாயிற்றுக்கிழமையும் ஆள் இருப்பான். அவன் கையில் கொடுத்து, ஒரு கையெழுத்து வாங்கி, அந்தத் தாளை மகனிடம் நீட்டலாம் என்று இருந்தேன். ‘இந்தா, முறைப்படி ஒப்படைத்துவிட்டேன்.’ அவன் முகம் எப்படி இருக்கும் என்று ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

ஆனால் மறுநாள் அவன் என்னைத் தனியாக விடவே இல்லை. என் சூட்கேஸைத் தள்ளிக்கொண்டு, இன்னொரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை வந்தான். கூட்டத்தில் தொலைந்துவிடுவேனாம்! கையைப் பிடித்திருக்கிறவனிடம், விடுடா, எனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அந்தக் கவுண்டரைக் கடந்தே போனோம். உள்ளே ஒரு பெண் சும்மாதான் உட்கார்ந்திருந்தாள்.

சாவி என்னோடு இந்தியா வந்துவிட்டது.

பத்தாம் நாள் போன். “அப்பா, நீங்க அந்தச் சாவியைப் பெட்டியிலதானே போட்டீங்க?” கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. சாவி வரவில்லை, வண்டி திரும்பி வந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது, நீ போட்டதாகச் சொல்வது உண்மையில்லை என்று எழுதியிருக்கிறார்கள். “காசு போனாப் போகுதுப்பா. பொய் சொல்றேன்னு எழுதியிருக்கான். விடமாட்டேன். நான் உங்க பிள்ளை.”

நான் உங்க பிள்ளை. அப்படிச் சொன்னான். அந்தக் குரலில் என் குரல் இருந்தது டீச்சர். நான் வாயைத் திறந்தேன். “போட்டேம்ப்பா” என்றுதான் வந்தது.

அன்றிலிருந்து தினமும் போன். தினமும்! மூன்று மணிக்கு, அங்கே அவன் காபி குடிக்கிற நேரம். “அப்பா, இப்படி எழுதினா உங்க காலத்துல என்ன பதில் குடுப்பீங்க?” “அப்பா, நோட்டீஸ்ல முதல் பத்தியில என்ன இருக்கணும்?” நான் சொல்லச் சொல்ல அவன் ஜெர்மனில் எழுதுவான். கோபத்தைக் கடைசி வரியில் வை, முதல் வரியில் தேதியை வை என்றேன். “சூப்பர்ப்பா” என்றான். வழக்கு பேசி முடித்ததும் வேறு பேச்சும் வரும். என்ன சாப்பிட்டீங்க, மழை பெய்ததா, அம்மாவுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும். ஒரு நாள் ஐம்பத்திரண்டு நிமிஷம் பேசினான். என்னிடம். மாத்திரை போட்டீங்களா என்று கேட்கவே மறந்துவிட்டான்.

மூன்றாவது வாரம், “அப்பா, நீங்க ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க, நான் மொழிபெயர்த்துக் குடுக்கிறேன்” என்றான். எழுதினேன். இரண்டு பக்கம். நான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான். ‘நாற்பதாண்டு காலம் உழைப்பாளர் உரிமைக்காக நின்றவனும், பொய்யுரை அறியாதவனுமாகிய நான்’ என்று ஆரம்பித்தேன். படித்துவிட்டு அவன் அழுதான். போனில் கேட்டது. “இவ்ளோ நாள் உங்களை எனக்குத் தெரியாமப் போச்சேப்பா” என்றான்.

இப்படிப் பார்க்காதீர்கள் டீச்சர். எதிர்த் தரப்பு ஒரு கம்பெனி. உலகம் பூராவும் பத்தாயிரம் கார் வைத்திருக்கிறவன். அவனிடம் ஒரு சாவி குறைந்தால் என்ன? அவனிடம் உண்மை பேச நான் என்ன கடமைப்பட்டிருக்கிறேன்? அப்படித்தான் நினைத்தேன். நேற்றுவரை.

நேற்று மூன்று மணிக்கு போன். “ஜெயிச்சிட்டோம்பா!” என்று கத்தினான். கம்பெனி மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறது. உங்கள் தந்தையின் வாக்குமூலத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்று. என் ஆயுளில் நான் எழுதிய ஒன்றை எந்தக் கம்பெனியும் ஏற்றுக்கொண்டதில்லை. எத்தனை மனு, எத்தனை நோட்டீஸ். ஜெயித்தது இது ஒன்றுதான்.

நானும் சிரித்தேன். அப்புறம் சும்மா, பேச்சு வளர்க்கத்தான் கேட்டேன். “சாவி என்ன ஆச்சுங்கிறானாம்?”

“பெட்டியைத் திறக்கிற ஆள் தொலைச்சிருக்கணும்ப்பா. திங்கட்கிழமை காலையில அவன்தான் திறந்து எடுத்து வெப்பான். யாரோ சிரியாக்காரன். அவனை நிறுத்திட்டாங்க.”

“நிறுத்திட்டாங்கன்னா?”

“வேலையை விட்டுப்பா.”

“அவன் பேர் என்ன?”

“பேரா? அது எதுக்குப்பா? தெரியாது.”

இருபத்தைந்து நிமிஷம் பேசினான். நான் மூன்று தடவை வாயெடுத்தேன். அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். சிரிக்கிறவனிடம் எப்படிச் சொல்வது? அடுத்த வருஷம் நேரே இங்கே வருகிறானாம். என்னோடு ஒரு மாதம் இருக்கப் போகிறானாம்.

ராத்திரி தூக்கமில்லை. காதில் ஐஸ்காரன் மணிதான். இந்தக் காலத்தில் ஐஸ் சைக்கிள் எங்கே வருகிறது? ஆனாலும் கேட்டது. அடித்தது என்றுகூடச் சொல்ல மாட்டேன். என் வீட்டுக்கு நேரே வந்து நின்றுபோனது கேட்டது.

இதையும் உறையில் வைக்க வேண்டும். இரண்டாவது வாக்குமூலம். நான்கு வரிதான், அலங்காரம் கிடையாது. ‘சாவியை நான் பெட்டியில் போடவில்லை. அது என்னிடமே இருந்தது. என் மகனுக்கு இது தெரியாது. பெட்டியைத் திறந்த தொழிலாளி நிரபராதி, அவரை உடனே வேலைக்கு எடுக்க வேண்டும்.’ கடைசி வரி கோரிக்கை. பழக்கம் விடுகிறதா?

நேராகக் கம்பெனிக்கே அனுப்பலாமே என்கிறீர்கள். அனுப்பலாம். அங்கே தமிழ் படிக்க யார் இருக்கிறார்கள்? போனிலேயே மொழிமாற்றம் செய்துவிடலாம், தெரியும். மெஷின் சொன்னால் அது மெஷினின் வாக்குமூலம். முதலாவதை மொழிபெயர்த்தவன்தான் இதையும் மொழிபெயர்க்க வேண்டும். அவன் கையால். அதனால் என் மகன் விலாசமே எழுதுங்கள். பெறுநர், மேதின்ராஜ் அபிமன்னன். ராஜ் என்று மட்டும் எழுதாதீர்கள். முழுப் பேர்.

பொருள், சாவி ஒன்று.

அனுப்புநர், கோ. அபிமன்னன். அதை நானே எழுதிக்கொள்கிறேன். கொடுங்கள். நடுங்கினால் நடுங்கட்டும்.

கவுண்டர் திறந்துவிட்டார்கள். நீங்கள் போங்கள், நீங்கள்தான் எனக்கு முன்னால் வந்தவர். நானா? பரவாயில்லையா? நன்றி டீச்சர்.

ஸ்பீட் போஸ்டா? எத்தனை நாளில் போகுமாம்? ஐந்து நாளா. ரிஜிஸ்டர் தபால் என்றால்? பதினைந்து நாள்கூட ஆகுமா.

ரிஜிஸ்டரே இருக்கட்டும்.

இல்லை, தெரியும், எனக்குத் தெரியாதா? அந்த சிரியாக்காரன் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். ஆனால் டீச்சர், பதினைந்து நாள் என்றால் பதினைந்து போன். இன்றைக்கு மூன்று மணிக்கு ஒன்று வரும். அவன் ஜெயித்த சந்தோஷத்தில் பேசுவான், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆறு வாரம் பொறுத்தவன் பதினைந்து நாள் பொறுக்க மாட்டானா?

என்ன, பேசாமல் நிற்கிறீர்கள்? இப்படித்தான் சவரியின் மனைவியும் கொடியை மடித்துக்கொண்டு நின்றாள்.

சரி. அம்மா, அந்த ரிஜிஸ்டர் வில்லையை ஒட்டாதீர்கள். ஸ்பீடாகவே போகட்டும். ஐந்து போன் போதும்.

இன்னொன்று கேட்க வேண்டும். வாங்கிக்கொண்டவர் கையெழுத்துப் போட்டால்தானே உறையைக் கொடுப்பார்கள்? அந்தக் கையெழுத்தை நான் பார்க்க முடியுமா? இனி அவன் போன் செய்வானோ மாட்டானோ. படித்துவிட்டுக் கிழித்தே போடட்டும். ஆனால் வாங்கும்போது உள்ளே என்ன என்று தெரியாது பாருங்கள். அப்பா ஏதோ அனுப்பியிருக்கிறார் என்று சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போடுவான். அதை மட்டும் ஒரு காகிதத்தில் எடுத்துத் தருவார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள் டீச்சர்.